ஒரே கார்டில் ஆறு பேர் விளையாடலாமா?

கேள்வி இதுதான்: "நானும் மனைவியும் இரண்டு நண்பர் குடும்பங்களோடு வருஷத்துக்கு இரண்டு முறை லாஸ் வேகஸ் போகிறோம். ஆளுக்கொரு கேசினோ உறுப்பினர் கார்டு வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பாயின்ட் சேர்ப்பதற்குப் பதில், ஆறு பேரும் என் கார்டின் நகல்களைப் போட்டு விளையாடினால் சீக்கிரம் மேல் அடுக்குக்குப் போய்விடலாமே? அறையும் சாப்பாடும் இலவசமாகக் கிடைக்குமே? இதில் ஏதாவது தப்பு இருக்கிறதா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களும் மனைவியும் ஒரே கணக்கில் விளையாட விரும்பினால், கேசினோவிடம் கேட்டு, அவர்கள் சரி என்றால் செய்யுங்கள். நண்பர்கள் நால்வரை அதில் சேர்க்காதீர்கள். விதிமீறல் என்பது ஒரு காரணம். கணக்குப் போட்டுப் பார்த்தாலும் கட்டுப்படியாகாது என்பது அதைவிடப் பெரிய காரணம். நான் ஒரு கேசினோவின் உறுப்பினர் கவுன்டரில் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தவன். கார்டு அச்சடித்துக் கொடுப்பது, பாயின்ட் தகராறுகளைக் கேட்டுக்கொள்வது, சிலருடைய கணக்கை மூடுவது எல்லாம் என் வேலையாக இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கார்டு என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம். ஸ்லாட் மெஷினில் கார்டைச் சொருகியதும் பக்கத்திலிருக்கும் சின்னத் திரையில் உங்கள் பெயர் வரும். அந்த நொடியிலிருந்து நீங்கள் கட்டும் ஒவ்வொரு பந்தயமும் உங்கள் கணக்கில் ஏறும். உள்ளே விட்ட நோட்டு அல்ல, கட்டிய பந்தயத்தின் மொத்தம். தொழிலில் அதற்குக் 'காயின் இன்' என்று பெயர். 100 டாலரை உள்ளே விட்டு, ஜெயித்ததையே திரும்பத் திரும்பப் போட்டு, சுற்றுக்கு 1 டாலர் வீதம் 600 சுற்று ஆடியிருந்தால் உங்கள் காயின் இன் 600 டாலர். இதை அந்த மெஷின் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் சதவீதத்தால் பெருக்குவார்கள். 8 சதவீதம் என்றால் 48 டாலர். இதுதான் 'தியோ', அதாவது நீங்கள் தோற்றிருக்க வேண்டிய தொகை. அன்றைக்கு நீங்கள் 300 டாலர் ஜெயித்துவிட்டுப் போயிருந்தாலும் கேசினோவின் புத்தகத்தில் நீங்கள் 48 டாலர் ஆள்தான். இலவச அறை, சாப்பாடு, ஃப்ரீ ப்ளே (மெஷினில் ஆட மட்டும் தரும் இலவசத் தொகை) என்று வருவதெல்லாம் பெரும்பாலும் அந்த 48 டாலரிலிருந்து உங்களுக்கே திருப்பித் தரும் ஒரு துண்டு.

ஆகவே கார்டு எதையும் சம்பாதிப்பதில்லை. நீங்கள் தோற்கப்போவதை அது எழுதி வைக்கிறது. ஆறு பேர் ஒரே கார்டில் விளையாடினால் ஆறு பேருடைய தோல்வியும் ஒரே பெயரில் எழுதப்படும், அவ்வளவுதான். தோல்வியின் அளவு ஒரு டாலர்கூடக் குறையாது.

எண்களை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சீசர்ஸ் கேசினோ நிறுவனத்தின் உறுப்பினர் திட்டமான சீசர்ஸ் ரிவார்ட்ஸில் ஸ்லாட்டில் 5 டாலர் பந்தயத்துக்கு 1 கிரெடிட். செலவழிக்கும்போது 100 கிரெடிட் என்பது 1 டாலர். அப்படியானால் 1 டாலர் மதிப்புள்ள பாயின்ட்டுக்கு 500 டாலர் பந்தயம் கட்ட வேண்டும். மெஷின் 8 சதவீதம் எடுக்கிறது என்று வைத்தால், அந்த 500 டாலரில் நீங்கள் இழக்க வேண்டியது 40 டாலர். 40 டாலர் கொடுத்து 1 டாலர் வாங்குகிறோம். 1 சென்ட் மெஷின்கள் இதைவிட அதிகமாகவே எடுக்கும் என்பதால் 8 என்பது தாராளமான கணக்கு. நெவாடாவில் சட்டப்படி ஒரு மெஷின் குறைந்தது 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும், நியூ ஜெர்சியில் 83 சதவீதம். நடைமுறையில் அதைவிட அதிகமாகத் தருகின்றன, ஆனால் உங்கள் பக்கம் சாய்கிற அளவுக்கு அல்ல.

மேல் அடுக்குக்கு வருவோம். அதே திட்டத்தில் டயமண்ட் அடுக்குக்கு ஒரு வருஷத்தில் 15,000 'டியர் கிரெடிட்' வேண்டும், அதாவது அடுக்கைத் தீர்மானிக்க எண்ணும் கிரெடிட். இதுவும் ஸ்லாட்டில் 5 டாலருக்கு 1. ஸ்லாட் மட்டும் ஆடினால் 75,000 டாலர் பந்தயம். ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 12,500 டாலர். ஆளுக்கு 1,000 டாலர், ஆறு பேருக்குமாக 6,000 டாலர் தோற்க வேண்டியிருக்கும். ஒரே நாளில் நிறைய ஆடினால் போனஸ் கிரெடிட் கிடைப்பதால் இது சற்றுக் குறையலாம். இங்கே ஒருவர் நியாயமாகவே கேட்கலாம்: "எப்படியும் ஆறு பேரும் அவ்வளவு ஆடத்தான் போகிறார்கள் என்றால், ஒரு டயமண்டாவது கிடைக்கட்டுமே?" உண்மை, அந்த ஒரு நிலையில் மட்டும் கணக்கு சரியாக இருக்கிறது. ஆனால் நான் பார்த்தவரை யாரும் அங்கே நிற்பதில்லை. சீசர்ஸில் அடுக்குக் கணக்கு டிசம்பர் 31-இல் முடிகிறது. அதுபோலக் கணக்கு முடியும் நாட்களில் எங்கள் கவுன்டர் முன்னால் வரிசை நிற்கும். "இன்னும் எவ்வளவு வேண்டும்?" என்று கேட்பார்கள். "300 கிரெடிட்" என்று திரையைத் திருப்பிக் காட்டினால் முகம் மலரும். 300 கிரெடிட் என்பது இன்னும் 1,500 டாலர் பந்தயம், சராசரியாக 120 டாலர் நஷ்டம். அந்த எண்ணிக்கை இல்லாவிட்டால் அவர்கள் அறைக்குப் போய்த் தூங்கியிருப்பார்கள். கூட்டாகச் சேர்க்கும்போது இந்த இழுப்பு ஆறு மடங்காகிறது, ஏனென்றால் "எல்லோருக்காகவும்தானே" என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு கிடைத்துவிடுகிறது.

இன்னொரு சங்கதி. சலுகைகள் கார்டுக்கு உரியவர் பெயரில்தான் வரும். டயமண்டுக்கு ரிசார்ட் கட்டணம் (அறை வாடகைக்கு மேல் ஹோட்டல் வாங்கும் தொகை) கிடையாது என்றால் அது உங்கள் பெயரில் பதிவான அறைக்குத்தான். நண்பர்கள் தங்கள் அறைக்குக் கட்டணம் கட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். ஒரு முறை நான்கு நண்பர்கள் என் கவுன்டருக்கு வந்தார்கள். இரண்டு வருஷமாக ஒருவருடைய கார்டில் எல்லோரும் ஆடியிருக்கிறார்கள். சேர்ந்த பாயின்ட்டை அவர் தன் மகள் வந்தபோது அறைக்கும் விருந்துக்கும் செலவழித்துவிட்டார். மற்ற மூவரும் "எங்கள் பங்கைப் பிரித்துக் கொடுங்கள்" என்று என்னிடம் கேட்டார்கள். பிரிக்க என்ன இருக்கிறது? திரையில் ஒரே பெயர். யார் எந்த மெஷினில் எவ்வளவு ஆடினார்கள் என்று கணக்குக்குத் தெரியாது. அவர்கள் பேசிக்கொள்ளாமல் தனித்தனியாகக் கதவைப் பார்த்து நடந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சரி, கேசினோ ஏன் இதைத் தடுக்கிறது? அதற்கு இந்தக் கார்டு எப்படி இன்றைய வடிவத்துக்கு வந்தது என்று தெரிய வேண்டும். ஹாரா'ஸ் நிறுவனம் 1997-இல் தன் எல்லா கேசினோக்களுக்கும் பொதுவான ஒரு கார்டுத் திட்டத்தைத் தொடங்கியது. மறு வருஷம் ஹார்வர்டு வணிகப் பள்ளியிலிருந்து கேரி லவ்மன் என்ற பேராசிரியர் அங்கே நிர்வாகப் பொறுப்புக்கு வந்து, கார்டில் சேர்ந்த தகவலைத் தோண்டினார். வாடிக்கையாளர்களில் 26 சதவீதம் பேர்தான் 82 சதவீத வருமானத்தைத் தருகிறார்கள் என்று தெரிந்தது. அவர்கள் தங்க மோதிரமும் கோட்டும் போட்ட பெரும்புள்ளிகள் அல்லர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மருத்துவர்கள், வங்கி ஊழியர்கள், பட்டறைத் தொழிலாளர்கள் போன்ற நடுத்தர வயதினரும் முதியவர்களும். அதிலிருந்து தொழிலே மாறியது. பின்னால் ஹாரா'ஸ் சீசர்ஸ் என்று பெயர் மாறி, திட்டமும் 2019-இல் சீசர்ஸ் ரிவார்ட்ஸ் ஆனது. எம்ஜிஎம் என்ற இன்னொரு கேசினோ நிறுவனத்தின் எம் லைஃப் திட்டம் 2022-இல் எம்ஜிஎம் ரிவார்ட்ஸ் ஆனது. இவர்களுக்குக் கார்டு என்பது பரிசுச் சீட்டு அல்ல, ஒரு தனி மனிதனைப் பற்றிய ஏடு. எந்த நேரத்தில் வருகிறார், எந்த மெஷினில் உட்காருகிறார், எவ்வளவு தோற்றதும் எழுந்து போகிறார் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரே ஏட்டில் ஆறு பேர் எழுதினால் ஏடு கெட்டுப்போகிறது. அதனால்தான் "உறுப்பினர் தன் சொந்த ஆட்டத்துக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், வேறொருவருக்கு மாற்றக் கூடாது" என்று எழுதி வைக்கிறார்கள்.

கண்டுபிடிப்பதும் அவர்களுக்குச் சுலபம். ஒரே கணக்கு ஒரே நேரத்தில் ஹாலின் இரு மூலைகளில் ஓடினால் கணினி காட்டிவிடும், மேலே கேமரா இருக்கிறது. கணவன் மனைவி என்று தெரிந்தால் பெரும்பாலும் கண்டுகொள்ளமாட்டார்கள். ஆறு பேர் என்றால் கேட்பார்கள். பாயின்ட்டை அழிக்கலாம், கணக்கை மூடலாம், இனி வராதே என்றும் சொல்லலாம். அது அவர்கள் இடம். பிறர் பெயரில் கார்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு அவற்றில் வரும் ஃப்ரீ ப்ளேயை ஒருவரே ஆடித் தீர்ப்பது இன்னும் மோசம். அது மோசடி வழக்கு வரை போகலாம்.

இனி, கணவன் மனைவி விஷயம். இதில்தான் கொஞ்சம் யோசித்துச் செய்ய இடமிருக்கிறது. பல கேசினோக்கள் ஒரே கணக்குக்கு இரண்டு கார்டு அச்சடித்துத் தரும், சில இடங்களில் தம்பதியின் இரு கணக்குகளையும் இணைத்து வைக்கும். ஆனால் சேர்ப்பதா, தனியாக வைப்பதா என்பது நீங்கள் எவ்வளவு ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆஃபர்களை முடிவு செய்வது பெரும்பாலும் மொத்தப் பாயின்ட் அல்ல, ஒரு நாளின் சராசரி தியோ. நீங்கள் நாளுக்கு 100, மனைவி 40 என்றால், ஒரே கணக்கில் 140 ஆள் ஒருவர் இருப்பார். அடுத்த படிக்கான ஆஃபர் வரலாம். தனித்தனி என்றால் 100-க்கு ஒரு ஆஃபரும் 40-க்கு ஒரு ஆஃபரும் வரும். உங்கள் பெயரில் இரண்டு இரவு, மனைவி பெயரில் அடுத்த இரண்டு இரவு என்று நான்கு இரவு தங்கும் தம்பதிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். புது உறுப்பினர் சலுகையும் இருவருக்கும் தனித்தனியே உண்டு. குறைவாக ஆடுகிறவர்களுக்குத் தனிக் கணக்குதான் நல்லது என்பது என் கருத்து. அடுக்கை எட்டும் தூரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் சேர்ப்பது உதவும்.

சராசரியில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு நாள் 100 வீதம் ஆடிவிட்டீர்கள். மூன்றாம் நாள் காலை ஊருக்குக் கிளம்புமுன் நண்பர் உங்கள் கார்டைப் போட்டுப் பத்து நிமிஷம் ஆடுகிறார், தியோ 1 டாலர். அதுவும் ஒரு நாளாகக் கணக்கில் சேர்ந்துவிடும். 201-ஐ மூன்றால் வகுத்தால் 67. இரண்டு நாள் ஆடிச் சேர்த்த 100 டாலர் ஆள் என்ற மதிப்பு பத்து நிமிஷத்தில் 67 ஆகிவிட்டது. உதவி செய்வதாக நினைத்துத்தான் அவர் உங்கள் கார்டைப் போட்டிருப்பார்.

பாயின்ட் சேர்ப்பதுதான் நோக்கம் என்றால் கார்டை விட மெஷினைக் கவனியுங்கள். சீசர்ஸில் வீடியோ போக்கருக்கு (மெஷினில் ஆடும் போக்கர் சீட்டாட்டம்) 10 டாலருக்கு 1 கிரெடிட், ஸ்லாட்டில் கிடைப்பதில் பாதிதான். ஆனால் ஃபுல் ஹவுஸ் என்ற சீட்டுச் சேர்க்கைக்குப் பந்தயத்தைப் போல 9 மடங்கும், ஃபிளஷ் என்ற சேர்க்கைக்கு 6 மடங்கும் தரும் 'ஜாக்ஸ் ஆர் பெட்டர்' வகை மெஷினில் தவறில்லாமல் ஆடினால் 99.54 சதவீதம் திரும்பி வரும். பிளாட்டினம் அடுக்குக்கு 5,000 கிரெடிட் வேண்டும். ஸ்லாட்டில் 25,000 டாலர் பந்தயம், எதிர்பார்க்கும் நஷ்டம் 2,000 டாலர். அந்த வீடியோ போக்கரில் 50,000 டாலர் பந்தயம், எதிர்பார்க்கும் நஷ்டம் 230 டாலர். பந்தயம் இரட்டிப்பு, நஷ்டம் எட்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. எந்தச் சீட்டை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பயிற்சி எடுத்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். குறைந்த பந்தயத்துக்கு 9/6 மெஷின் கிடைப்பதும் அரிது, உட்காருமுன் திரையில் அட்டவணையைப் படித்துப் பாருங்கள். ஆறு பேர் சேர்ந்து விதியை மீறிப் பெறுவதை விட ஒருவர் மெஷினைத் தேர்ந்தெடுத்துப் பெறுவது அதிகம்.

ஜாக்பாட் அடித்தால் என்ன ஆகும் என்பதை நண்பர்கள் யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. பணம் கார்டில் பெயர் உள்ளவருக்கு அல்ல, பொத்தானை அழுத்தியவருக்கு. 2017-இல் ஃப்ளோரிடாவில் ஹார்ட் ராக் கேசினோவில் ஒருவர் தன் பணத்தைப் போட்டுவிட்டு, அதிர்ஷ்டத்துக்காகத் தோழியைப் பொத்தானை அழுத்தச் சொன்னார். 1,00,000 டாலர் ஜாக்பாட். கேசினோ தோழிக்குத்தான் கொடுத்தது. வரிப் படிவமும் அழுத்தியவர் பெயரில்தான் வரும். ஸ்லாட்டில் எவ்வளவு ஜெயித்தால் அந்தப் படிவம் வரும் என்ற வரம்பு 1977 முதல் 1,200 டாலராக இருந்தது, 2026 முதல் 2,000 டாலர். அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டு உறவினர் யாராவது உங்கள் கார்டில் ஆடி அந்த வரம்பைத் தாண்டி ஜெயித்தால், வரி ஒப்பந்த விலக்கு உள்ள நாட்டவராக இல்லாவிட்டால், 30 சதவீதம் அங்கேயே பிடித்துவிடுவார்கள். உண்மையிலேயே கூட்டாகப் பணம் போட்டு ஆடினால், ஜெயித்ததும் ஊழியரிடம் 5754 என்ற படிவத்தைக் கேளுங்கள். யாருக்கு எவ்வளவு பங்கு என்று அதில் எழுதலாம். பணத்தைக் கையில் வாங்கியபின் கேட்டால் தாமதம்.

வரிக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. வருஷக் கடைசியில் கேசினோ தரும் வெற்றி தோல்விக் கணக்கைக் காட்டித்தான் பலர் நஷ்டத்தைக் கழிக்கிறார்கள். ஒரு வயதான அம்மா அந்தத் தாளைக் கேட்டு வந்தார். அச்சடித்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர் தாளை மறுபடி என் பக்கம் தள்ளினார். "இது என்னுடையது இல்லை. நான் மாதம் ஒரு தடவை வந்து 100 டாலர் ஆடுகிறவள்." தாளில் 11,000 டாலர் நஷ்டம் என்று இருந்தது. நாட்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். வார நாட்களில், இரவு 2 மணிக்கு, 3 மணிக்கு. அவருடைய மகன் "உங்களுக்குப் பாயின்ட் சேர்த்துத் தருகிறேன்" என்று கார்டை வாங்கிப் போயிருக்கிறான். அந்த அம்மா தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கவுன்டர் ஓரத்தைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உதவி எண் அச்சிட்ட ஒரு சிறு அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அந்த எண் 1-800-426-2537. அமெரிக்காவில் எங்கிருந்தும் அழைக்கலாம்.

அதனால் இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்: யாராவது உங்கள் கார்டை இரவல் கேட்டால், அவருக்கு ஏன் சொந்தமாக ஒரு கார்டு இல்லை? கார்டு இலவசம், 21 வயது நிரம்பிய யாரும் அடையாள அட்டை காட்டி ஐந்து நிமிஷத்தில் வாங்கலாம். வயது போதாதவராக இருக்கலாம். வீட்டுக்குத் தெரியாமல் ஆடுகிறவராக இருக்கலாம். அல்லது தன்னை உள்ளே விடாதீர்கள் என்று தானே எழுதிக் கொடுத்தவராக இருக்கலாம். 1996-இல் மிசூரியில் தொடங்கிய இந்தத் தன்விலக்கு ஏற்பாடு இன்று பல மாநிலங்களில் இருக்கிறது. விலக்குப் பட்டியலில் இருப்பவர் ஜெயித்தால் பல இடங்களில் அந்தப் பணம் பறிமுதலாகும். தோற்றால் திரும்பி வராது. அப்படிப்பட்ட ஒருவருக்குக் கார்டைக் கொடுப்பது அவர் சிரமப்பட்டுப் பூட்டிய கதவை நாம் திறந்துவிடுவது.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. கார்டு போட்டால் மெஷின் ஜெயிக்கவிடாது என்பது கட்டுக்கதை. முடிவைத் தீர்மானிக்கும் பகுதியும் கார்டு வாசிக்கும் பகுதியும் வேறு வேறு. மேஜை ஆட்டங்களில் மேற்பார்வையாளர் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கார்டை வாங்கி சராசரிப் பந்தயத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்வார், ஆகவே அங்கே பகிர்வு நடக்காது. மெஷினில் உட்கார்ந்ததும் சின்னத் திரையில் இருப்பது உங்கள் பெயர்தானா என்று பாருங்கள். முன்னால் ஆடியவர் கார்டை மறந்துவிட்டுப் போயிருந்தால் உங்கள் ஆட்டமெல்லாம் அவர் கணக்கில் ஏறும். அதை எடுத்து கவுன்டரில் கொடுத்துவிடுங்கள். உங்கள் பின் எண்ணை நண்பர்களிடம் சொல்லாதீர்கள், அது இருந்தால் உங்கள் ஃப்ரீ ப்ளேயை வேறு மெஷினில் இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்த முறை போகும்போது ஆறு பேரும் முதலில் கவுன்டருக்குப் போய் ஆளுக்கொரு கார்டு வாங்குங்கள். நீங்களும் மனைவியும் மட்டும், "எங்கள் இருவர் கணக்கையும் இணைக்க முடியுமா, இணைத்தால் ஆஃபர் ஒன்றா இரண்டா, பிறகு பிரிக்க முடியுமா?" என்று கேளுங்கள். இந்த மூன்றையும் கேட்டால் கவுன்டரில் இருப்பவர் நேராகப் பதில் சொல்வார். ஒரே நகரத்துக்கு வருஷத்தில் இரண்டு முறை மட்டும் போகிறவர்கள் என்பதால், என்னைக் கேட்டால், இணைக்காமல் விட்டுவிடுங்கள்.